எரித்து வெட்டுவதா, உருக்கி வெட்டுவதா?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் இயந்திரவியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போன் செய்து, "நீங்க ஒரு இருபது நிமிஷம் பேசணும்" என்றார். "எதைப் பற்றி? தன்னம்பிக்கையா?" என்று கேட்டேன். "அதுக்கு வேற ஆள் போட்டாச்சு" என்றார். (சிரிப்பு) ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பேசுகிறேன். இரும்பு வெட்டுவது. திருச்சி திருவெறும்பூரில் பெல் பாய்லர் தொழிற்சாலை வந்ததிலிருந்து அந்த வட்டாரம் முழுக்க ஃபேப்ரிகேஷன் பட்டறைகள்தான். துவாக்குடி பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாகவே கிரைண்டர் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குள்ளே முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான்.

மேஜைமேல் இரண்டு துண்டுகள் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே 12 மி.மீ. எம்.எஸ். பிளேட்டில் வெட்டியவை. ஒன்று ஆக்சி-அசிட்டிலின் டார்ச்சில், அதாவது நாம் கேஸ் கட்டிங் என்கிறோமே, அதில் வெட்டியது. இன்னொன்று பிளாஸ்மாவில் வெட்டியது. பட்டறையில் பத்து வருஷம் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் ஓரத்தைத் தடவியே எது எது என்று சொல்லிவிடுவார். கேஸ் துண்டில் மேலிருந்து கீழாகச் சன்னமான வரிகள் ஓடும், ஓரம் செங்குத்தாக நிற்கும். பிளாஸ்மா துண்டின் ஓரம் வழவழவென்று இருக்கும். ஆனால் மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஏன் இந்த வித்தியாசம்? அது தெரிந்துவிட்டால் எதை எங்கே பயன்படுத்துவது என்பது தானாகத் தெரிந்துவிடும் என்பது என் கட்சி.

முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் நம்மில் பாதிப் பேர் மனசில் தங்கிப்போகும் ஒரு தவறான படம் உண்டு. அசிட்டிலின் சுடர் சூடு தாங்காமல் இரும்பு உருகி விழுகிறது, அதனால் வெட்டுப்படுகிறது என்று. சுடருக்கு அங்கே வேலை சூடு ஏற்றுவது மட்டும்தான். பிளேட் சுமார் 900 டிகிரிக்கு வந்து பளிச்சென்று சிவந்ததும், நெம்புகோலை அழுத்துகிறோம். நாசில் நடுத்துளையிலிருந்து சுத்தமான ஆக்சிஜன் பீறிட்டு வருகிறது. அந்த ஆக்சிஜனில் இரும்பு எரிகிறது. ஆமாம், விறகு எரிகிற மாதிரியே எரிகிறது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பில் பொறி பறக்கிறதே, அதில் எரிவது இரும்புத்தூள்தான். அதே வேலை இங்கே 12 மி.மீ. பிளேட்டுக்குள் நடக்கிறது. எரியும்போது வருகிற சூடு அடுத்த அடுக்கை எரிய வைக்கிறது. எரிந்த ஆக்சைடு இரும்பைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிக் கீழே ஓடிவிடுகிறது. அதனால்தான் 300 மி.மீ. கனமுள்ள இரும்பைக்கூட ஒரு டார்ச்சால் வெட்ட முடிகிறது. வெட்டுவதற்கான சூட்டில் பெரும்பகுதியை இரும்பே கொடுத்துவிடுகிறது.

பிளாஸ்மாவின் கதை வேறு. அங்கே எதுவும் எரிய வேண்டியதில்லை. ஒரு எலெக்ட்ரோடுக்கும் பிளேட்டுக்கும் நடுவே ஆர்க் அடிக்கிறோம். அந்த ஆர்க்கை ஒரு சின்னத் தாமிர நாசிலின் ஓட்டை வழியாக, காற்றை அழுத்தி அனுப்பி, நெருக்கிப் பிழிகிறோம். நெருக்கப்பட்ட வாயு 20,000 டிகிரிக்கும் மேலே போய் மின்சாரம் கடத்துகிற நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த நிலைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். 1928-ல் இர்விங் லாங்க்மியூர் வைத்த பெயர். ஆக்சி-அசிட்டிலின் சுடர் 3,100 டிகிரி, மிஞ்சிப் போனால் இன்னும் கொஞ்சம். எங்கே 3,100, எங்கே 20,000! பிளாஸ்மா உலோகத்தை உருக்கி, அதே வேகத்தில் ஊதித் தள்ளிவிடுகிறது. அதற்கு உலோகம் எரியுமா எரியாதா என்ற கவலை கிடையாது. மின்சாரம் கடத்தினால் போதும்.

ஆக, ஒன்று எரித்து வெட்டுகிறது, ஒன்று உருக்கி வெட்டுகிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு வாருங்கள். கேஸ் டார்ச்சை வைத்தால் ஏன் வெட்டாது? அதில் இருக்கும் குரோமியம் எரிந்து குரோமியம் ஆக்சைடு ஆகிறது. அது இரும்பு உருகும் சூட்டில் உருகாது. ஓடாமல் மூடி போட்ட மாதிரி மேலே உட்கார்ந்துகொண்டு ஆக்சிஜனை உள்ளே விடாது. அலுமினியத்துக்கும் இதே கதி. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் ஆக்சைடு 2,000 டிகிரிக்கு மேலேதான் உருகும். வார்ப்பிரும்பு எரிவதற்கு முன்னாலேயே உருகிவிடும். தாமிரமோ கொடுக்கிற சூட்டையெல்லாம் வாங்கி உடம்பு முழுக்கப் பரப்பிக்கொள்ளும். ஆகவே சுத்தமான கேஸ் கட்டிங் என்பது சாதாரண இரும்புக்கும் குறைந்த கலப்பு ஸ்டீலுக்கும் மட்டும்தான். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பிளாஸ்மாவே வந்தது. அமெரிக்காவில் யூனியன் கார்பைடின் லிண்டே பிரிவில் இருந்த ராபர்ட் கேஜ் 1957-ல் காப்புரிமை வாங்கினார். ஆரம்பத்தில் அதை வைத்து வெட்டியது பெரும்பாலும் அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும்தான்.

கேஸ் அதைவிட ஐம்பது அறுபது வருஷம் மூத்தது. 1892-ல் கனடாக்காரர் தாமஸ் வில்சன், அலுமினியம் தயாரிக்கிற முயற்சியில் எதேச்சையாகக் கால்சியம் கார்பைடு செய்யும் வழியைக் கண்டார். கார்பைடில் தண்ணீர் பட்டால் அசிட்டிலின். மாங்காய் பழுக்க வைக்க 'கல்' வைக்கிறார்கள் என்று செய்தியில் படிக்கிறோமே, அந்தக் கல்லிலிருந்து வருவதும் இதே வாயுதான். (அது தடை செய்யப்பட்ட வேலை, மாணவர்கள் ஐடியா எடுத்துக்கொள்ள வேண்டாம்.) 1903 வாக்கில் பிரான்ஸில் ஃபூஷேயும் பிகாரும் டார்ச் செய்தார்கள். அசிட்டிலினைச் சிலிண்டரில் அடைப்பது பெரிய தலைவலியாக இருந்தது. சும்மா அழுத்தினால் தானாகவே வெடிக்கும் வாயு அது. நுண்துளைப் பொருளை நிரப்பி, அசிட்டோனை ஊற்றி, அதில் கரைத்து வைப்பதுதான் தீர்வு. நம் பட்டறைகளில் டி.ஏ. சிலிண்டர் என்று சொல்வது அதைத்தான். 'கரைத்த அசிட்டிலின்' என்பதன் சுருக்கம். அந்த நுண்துளைப் பொருளைச் சிறப்பாகச் செய்துகாட்டிய சுவீடன் நாட்டு குஸ்தாவ் டாலேன், 1912-ல் அசிட்டிலின் சிலிண்டர் சோதனையில் வெடித்துக் கண்பார்வை இழந்தார். அதே வருஷம் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கலங்கரை விளக்குகளுக்கான தானியங்கி வால்வுக்காக. பரிசை வாங்கப் போனது அவருடைய சகோதரர். டி.ஏ. சிலிண்டரை உருட்டித் தள்ளுகிற பையன்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

இனி வேகம். 6 மி.மீ. பிளேட்டில் கையால் கேஸ் கட்டிங் செய்தால் நிமிடத்துக்குச் சுமார் அரை மீட்டர் போகலாம். 100 ஆம்பியர் பிளாஸ்மாவை மெஷினில் பூட்டினால் அதைப்போலப் பல மடங்கு. அதுவும் கேஸில் ஒவ்வொரு துளைக்கும் முன்சூடு ஏறக் காத்திருக்க வேண்டும். பிளாஸ்மாவில் தொட்டால் வெட்டு. ஆனால் கனம் ஏற ஏற இந்த மெத்தனம் தலைகீழாகும். 40, 50 மி.மீ. வந்துவிட்டால் சாதாரணப் பட்டறை பிளாஸ்மா திணறும், கேஸ் அலட்டிக்கொள்ளாமல் போகும். ஒரே கேன்ட்ரியில் நாலு கேஸ் டார்ச் பூட்டி நாலு துண்டை ஒரே நேரத்தில் வெட்டுவது மலிவான சமாச்சாரம். நாலு பிளாஸ்மா பூட்டுவது அப்படியில்லை.

மெல்லிய தகட்டில் கேஸ் வைத்தால் என்னவாகும் என்று இங்கே அனுபவப்பட்டவர்கள் இருப்பீர்கள். 3 மி.மீ. ஷீட் அப்பளமாகிவிடும். அதற்கு மேல் சுத்தியல் வைத்துத் தட்டி நிமிர்த்துகிற கூலி தனி. பிளாஸ்மா வேகமாகப் போய்விடுவதால் சூடு பரவ நேரமில்லை. இப்போது 3 மி.மீ., 6 மி.மீ. வேலையெல்லாம் ஃபைபர் லேசர் ஜாப் வொர்க்குக்குப் போக ஆரம்பித்துவிட்டது, அது வேறு கதை.

நான் அதிகம் சொல்ல ஆசைப்படுவது ஓரத்தைப் பற்றி. விலைப்பட்டியலில் இது வராது. விற்க வருகிறவரும் சொல்ல மாட்டார். வெட்டிய துண்டை நாம் ஷோகேஸில் வைக்கப் போவதில்லை. அதை வெல்டு செய்யப் போகிறோம், டிரில் போடப் போகிறோம், மரை எடுக்கப் போகிறோம், வளைக்கப் போகிறோம். அங்கேதான் ஓரத்தின் குணம் தெரியும். சாதாரணக் காற்றில் ஓடும் பிளாஸ்மாவில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். உருகிய இரும்பு அந்த நைட்ரஜனைக் குடித்துவிடும். ஓரத்தில் மெல்லிய நைட்ரைடு படலம் ஒன்று உட்காரும். கண்ணுக்குத் தெரியாது. பளபளவென்றுதான் இருக்கும். அதன்மேல் அப்படியே வெல்டு அடித்தால் நைட்ரஜன் வெளியே வரப் பார்த்து, வெல்டுக்குள் ஊசித்துளை ஊசித்துளையாக நிற்கும். பட்டறையில் அதை வெல்டர் தலையில் கட்டுவார்கள். "ராடு ஈரம்", "காற்று அடிச்சுது", "இவன் கை சரியில்லை" என்பார்கள். ரேடியோகிராபியில் ரிஜெக்ட் ஆன ஜாயின்ட் ஒன்றுக்கு மூன்று வெல்டர்களை மாற்றிப் பார்த்த ஒரு கடையை எனக்குத் தெரியும். மூன்றாவது ஆள்தான், "சார், ஒரே ஒரு ஜாயின்டுக்கு ஓரத்தைக் கிரைண்டர் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். பேபி கிரைண்டரில் அரை மி.மீ. எடுத்தார். துளை போச்சு. முதல் இரண்டு பேரும் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள்.

அதேமாதிரி பிளாஸ்மாவில் வெட்டிய துளைக்கு டேப் போட்டால் டேப் உடையும். அதுவும் அந்தக் கெட்டிப் படலத்தின் வேலை. வாயுவாக ஆக்சிஜனையே பயன்படுத்தும் பெரிய பிளாஸ்மா மெஷின்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. கேஸ் ஓரம் யோக்கியமா என்றால், சாதாரண எம்.எஸ்.ஸுக்கு நல்ல பிள்ளைதான், ஸ்கேலைத் தட்டிவிட்டு வெல்டு செய்யலாம். கார்பன் கூடின ஸ்டீலில் ஓரம் கெட்டியாகி முடி போல விரிசல் விடும். அங்கே முன்சூடு கொடுத்து, மெல்ல ஆறவிட வேண்டும்.

சாய்வுக்கு வருகிறேன். பிளாஸ்மா வாயு நாசிலுக்குள் சுழன்றுகொண்டே வருகிறது. சாதாரணமாக வலப்புறமாக, கடிகாரச் சுற்றில். அதனால் டார்ச் போகும் திசையில் வலது கைப் பக்கத்து ஓரம் ஓரளவு செங்குத்தாகவும், இடது பக்கம் சாய்வாகவும் விழும். ஆகவே வெளி வடிவத்தைக் கடிகாரச் சுற்றிலும், உள் துளையை எதிர்ச் சுற்றிலும் வெட்ட வேண்டும். அப்போது நல்ல ஓரம் நம் பாகத்தில் நிற்கும், கெட்ட ஓரம் கழிவோடு போகும். சி.என்.சி. படிக்கிற தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். புரோகிராமில் திசை மாறிப்போய், "மெஷின் சரியில்லை" என்று சர்வீஸ்காரரை வரச்சொன்ன கடைகள் உண்டு.

சரி, எதை வாங்குவது? நமக்குப் பல வருஷம் இளைய பேட்ச் தம்பி ஒருத்தன், சொந்தமாகப் பட்டறை போட்டிருக்கிறான். அப்பாவின் நிலப் பத்திரத்தை பாங்கில் வைத்துக் கடன் வாங்குகிற நிலை. என்னிடம் வந்து, "அண்ணே, பிளாஸ்மா வாங்கிட்டா கேஸ் செட்டை வித்துடலாமா? டீலர் அப்படித்தான் சொல்றார்" என்றான். "தம்பி, டீலரை விடு. உன் பில் புக்கை எடுத்துட்டு வா" என்றேன். ஆறு மாத பில்லை உட்கார்ந்து பிரித்தோம். என்ன உலோகம், என்ன கனம், கடையில் வெட்டியதா சைட்டில் வெட்டியதா, வெட்டினபிறகு என்ன செய்தான். இந்த நாலு கேள்விதான். அவனுக்கு முக்கால்வாசி 5 முதல் 12 மி.மீ. எம்.எஸ். பிராக்கெட், மிச்சம் ஸ்டெயின்லெஸ் கைப்பிடி. எப்போதாவது 25 மி.மீ. பேஸ் பிளேட். அப்புறம் ஊர்ப்பக்கம் ஷெட் பிரித்துப் போடுகிற வேலை, ரைஸ்மில் ரிப்பேர்.

கடைக்குள் நடக்கும் வேலைக்குப் பிளாஸ்மா என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இன்றைக்குப் புதிதாகப் பட்டறை போடுகிறவர், 20 மி.மீ.க்கு உட்பட்ட வேலைதான் என்றால், முதலில் வாங்க வேண்டியது அதுதான். ஆனால் கேஸ் செட்டை விற்கச் சொன்னது அநியாயம். ஷெட் பிரிக்கிற இடத்தில் மின்சாரம் ஏது? துருவும் பெயின்டும் ஏறிய பழைய சேனலில் எர்த் கிளாம்ப் எங்கே பிடிக்கும்? குஜராத்தில் ஆலங் கடற்கரையில் கப்பல் உடைக்கிறார்கள். அங்கே இன்றும் ஆக்சிஜனும் எல்.பி.ஜி.யும்தான் பிரதானம். திறந்த வெளி, கனத்த பிளேட், கப்பலுக்குள் ஏறி இறங்கி வெட்ட வேண்டும். அந்த இடத்துக்கு அதுதான் சரி. இன்னொன்று, ரைஸ்மில் ஷாஃப்ட்டில் துருப்பிடித்து இறுகிப்போன நட்டைச் சுட்டுக் கழற்றுவதும், 16 மி.மீ. ராடைச் சிவக்க வைத்து வளைப்பதும் கேஸ் டார்ச்சால் ஆகும். பிளாஸ்மாவுக்கு வெட்ட மட்டும்தான் தெரியும், சூடு காட்டத் தெரியாது.

செலவைப் பற்றி ரூபாய்க் கணக்கு நான் சொல்லவில்லை. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். மணிக்கு எவ்வளவு செலவு என்று பார்க்காதீர்கள். ஒரு மீட்டர் வெட்ட எவ்வளவு செலவு என்று பாருங்கள். கேஸில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் 7 கன மீட்டர். 12 மி.மீ. வேலைக்குத் தொடர்ந்து ஓட்டினால் சுமார் மூன்று மணி நேரம் வரும். பிளாஸ்மாவில் 65 ஆம்பியர் மெஷின் சுமார் 9 கிலோவாட் வெளியே தருகிறது. விடாமல் ஆர்க் ஓடினாலும் மணிக்குப் பத்துச் சொச்சம் யூனிட், அதோடு கம்ப்ரஸர். மின்சாரம் அதில் பெரிய செலவு இல்லை. செலவு இழுப்பது எலெக்ட்ரோடும் நாசிலும். எலெக்ட்ரோடின் நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகம் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். அது தேய்வது பெரும்பாலும் ஆர்க் அடிக்கும்போதும் அணைக்கும்போதும். ஒரே நீள வெட்டாகப் போனால் நாள் கணக்கில் வரும். விட்டு விட்டுப் பட்டன் அழுத்தி விளையாடினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடும்.

அதைவிட வேகமாகக் கொல்வது ஈரக்காற்று. நம் ஊர் மழைக்காலத்தில் கம்ப்ரஸர் டேங்கைத் திறந்தால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் வரும். எண்ணெயும் சேர்ந்து வரும். அது டார்ச்சுக்குள் போனால் நாசில் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும், வெட்டு கோணும். டிரையரும் ஃபில்டரும் இல்லாமல் பிளாஸ்மா வாங்குவது, மாடு வாங்கிவிட்டு வைக்கோலுக்குக் காசில்லை என்பது போல. அந்தத் தம்பியின் கொட்டேஷனில் டிரையரே இல்லை. சேர்க்கச் சொன்னேன். மின்வாரியத்தில் அவன் வாங்கியிருந்த லோடு போதாது, அதையும் கூட்டச் சொன்னேன். கடைசியில் ஒரு படி சின்ன மெஷினாகப் போய், மிச்சப் பணத்தில் டிரையரும் வாங்கினான். கேஸ் செட் கடையிலேயே இருக்கிறது. தவணை ஒழுங்காகக் கட்டி வருகிறான் என்று அவன் அப்பா சொன்னார்.

இரண்டையும் வைத்துக்கொள் என்று நான் சொல்வதற்கு இரண்டு வருஷங்கள் காரணம். 2012-ல் சென்னை தவிர மற்ற மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது பிளாஸ்மாவை மட்டும் நம்பியவர்கள் ஜெனரேட்டர் டீசலுக்குச் சம்பாதித்தார்கள். கேஸ் வைத்திருந்தவர்கள் பகலில் வெட்டி, கரண்ட் வந்தபோது ராத்திரியில் வெல்டு செய்தார்கள். 2021 ஏப்ரலில் நேர்மாறு. கொரோனா இரண்டாம் அலை. ஏப்ரல் 22 முதல், விலக்கு பெற்ற ஒன்பது வகைத் தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு ஆக்சிஜன் கொடுப்பதை மத்திய அரசு நிறுத்தியது. நியாயமான உத்தரவு. மூச்சுக்கு இல்லாதபோது இரும்புக்கு எதற்கு? எங்கள் பட்டறையில் இருந்த சிலிண்டர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்களே வண்டியில் ஏற்றிவிட்டோம். ஊரடங்கில் அனுமதி கிடைத்து ஓடிய சொற்பப் பட்டறைகளில், காற்றில் ஓடும் பிளாஸ்மா இருந்தவர்களால் மட்டும் ஆர்டரை முடிக்க முடிந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். கேஸ் கட்டர். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. சாக்பீஸ் கோட்டில் கையால் வெட்டினால் பக் மெஷினில் வெட்டிய மாதிரி இருக்கும். சி.என்.சி. பிளாஸ்மா வந்தபோது, "இனிமே அவருக்கு இங்கே என்ன வேலை?" என்று ஆபீஸில் பேச்சு வந்தது. கணக்கு முடித்து அனுப்பத் தேதிகூடக் குறித்தார்கள். அந்த வாரம் மெஷினில் வெட்டெல்லாம் அடியில் கசடு கட்டிக்கொண்டு வந்தது. ஆபரேட்டர் டிப்ளமா படித்த பையன், ஸ்கிரீனில் நம்பரை மாற்றி மாற்றிப் பார்க்கிறான். பெரியவர் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, சத்தம் தப்பா இருக்கே. சீறுது பாரு. நாசில் போச்சு" என்றார். கழற்றிப் பார்த்தால் ஓட்டை ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அடுத்த நாள், "இப்ப சத்தம் சரி. ஆனா பொறி பின்னால சாயுது. வேகத்தைக் குறை" என்றார். கேஸ் கட்டிங்கில் நாற்பது வருஷம் பொறியைப் பார்த்தே வேகம் பிடித்த கண் அது. ஆக்சிஜன் எரிப்பதும் ஆர்க் உருக்குவதும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பிளேட்டுக்கு அடியில் பொறி எந்தப் பக்கம் போகிறது என்பது இரண்டுக்கும் ஒன்றுதான். தேதி குறித்த காகிதம் கிழிக்கப்பட்டது. பிறகு மூன்று வருஷம் அவர் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதே சம்பளத்தில்தான், அதை நான் பெருமையாகச் சொல்ல முடியாது.

கடைசியாகப் பாதுகாப்பு. மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். கேஸ் செட்டில் அசிட்டிலின் அழுத்தம் ரெகுலேட்டரில் 1 கிலோவைத் தாண்டக் கூடாது. சிலிண்டர் நின்றே இருக்க வேண்டும், படுக்கப் போட்டால் அசிட்டோன் வெளியே வரும். ஒரு மணி நேரத்தில் சிலிண்டரின் ஏழில் ஒரு பங்குக்கு மேல் இழுக்கக் கூடாது. ஆக்சிஜன் ரெகுலேட்டர் மரை இறுகினால் எண்ணெய் விடக் கூடாது, சொட்டு எண்ணெய்கூட அங்கே தீ. அசிட்டிலின் நட்டுக்கு இடது மரை, தப்பாக மாட்டாமல் இருப்பதற்காகவே செய்தது. அதையும் அடாப்டர் போட்டு மாற்றுகிற மேதைகளைப் பார்த்திருக்கிறேன். ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இரண்டு லைனிலும் வேண்டும்.

பிளாஸ்மாவில் சுடர் இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நினைப்பவர் நிறையப் பேர். ஆர்க் கிளம்பும் முன் டார்ச்சில் நிற்கும் வோல்டேஜ் 200, 300. ஈரக் கையோடு நாசில் மாற்றுகிறவன் முதலில் மெயினை அணைக்க வேண்டும். கேஸ் கட்டிங்கின் 5-ம் நம்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிளாஸ்மா பார்த்தால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி எரியும். 8 அல்லது 9 வேண்டும். தண்ணீர் டேபிளில் அலுமினியம் வெட்டினால் ஹைட்ரஜன் உண்டாகி பிளேட்டுக்கு அடியில் தங்கும், வெடித்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ் புகையில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரலுக்குப் புற்றுநோய் தரக்கூடியது, கைக்குட்டை கட்டினால் போதாது. பழைய எண்ணெய் டிரம்மை வெட்டுவதில் மட்டும் இரண்டும் ஒரே ஜாதி. காலியான டிரம்தான் ஆளைக் கொல்லும், உள்ளே ஆவி இருக்கும். பக்கத்து எஸ்டேட்டில் ஒரு கடையில், "பிளாஸ்மாதானே, நெருப்பு இல்லையே" என்று டீசல் டிரம்மில் வைத்தார்கள். மூடி பறந்து ஒரு பையனுக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. இருபத்திரண்டு வயது. இப்போது அதே கடையில் ஸ்டோர் பார்க்கிறான், இடது கையால் எழுதப் பழகிவிட்டான்.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரு அறிவிப்பு மட்டும். எங்கள் பேட்ச் சார்பில் கல்லூரிப் பணிமனைக்கு ஒரு 40 ஆம்பியர் பிளாஸ்மா கட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஏற்கெனவே இருக்கும் இரண்டு கேஸ் செட்டுகளுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர், புது ஹோஸ் மாற்றியாகிவிட்டது. 8-ம் நம்பர் கண்ணாடி பன்னிரண்டு ஜோடி ஸ்டோரில் இருக்கிறது. ஏர் டிரையர் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அடுத்த வாரம் வரும். அதுவரை யார் கேட்டாலும் மெஷினை ஆன் செய்ய வேண்டாம் என்று பணிமனை ஆசிரியரிடம் சொல்லிச் சாவியையும் கொடுத்திருக்கிறேன்.